ரிப்போர்ட் ஃபோல்டரா, ரிப்போர்ட் மாட்யூலா? யீ 2 செயலி ஒன்றின் மறுசீரமைப்பு: நிகழ்வு ஆய்வு

ஒரு மொத்த வியாபார நிறுவனத்தின் கையிருப்பு, பில்லிங் வேலைகளுக்காக யீ 2 (Yii 2) என்ற பிஹெச்பி ஃப்ரேம்வொர்க்கில் எழுதப்பட்ட செயலி. யீயின் பேசிக் டெம்ப்ளேட்டில் தொடங்கி, வருடக்கணக்கில் ஒரே கண்ட்ரோலர்ஸ் ஃபோல்டருக்குள் வளர்ந்தது. கண்ட்ரோலர் என்பது பிரவுசரின் கோரிக்கையை வாங்கி வேலை செய்யும் கிளாஸ், அதிலுள்ள ஒவ்வொரு வேலையும் ஒரு ஆக்‌ஷன். அந்த ஃபோல்டரைத் திறந்தால் கவுன்டர் பில், குடோன் வரவு, கஸ்டமர் பாக்கி, விலைப்பட்டியல், மாத அறிக்கை என்று எல்லாம் அகர வரிசையில் கலந்து கிடக்கும். யாருக்கு எது தெரியலாம் என்பதை ஒவ்வொரு கண்ட்ரோலரும் தனித்தனியாகச் சொல்லிக்கொண்டிருந்தது.

இதை ஒழுங்குபடுத்தும் முதல் படியாக, கண்ட்ரோலர்ஸ் ஃபோல்டருக்குள் ரிப்போர்ட் என்று ஓர் உள்ஃபோல்டர் போடப்பட்டது. விற்பனை அறிக்கைக்கான சேல்ஸ்கண்ட்ரோலரும் இருப்பு அறிக்கைக்கான ஸ்டாக்கண்ட்ரோலரும் அதற்குள் போயின. கிளாஸ் பெயருக்கு முன்னால் வரும் நேம்ஸ்பேஸ் மாற்றப்பட்டது, பக்கத்தின் தோற்றத்தைச் சொல்லும் வியூ ஃபைல்களும் வியூஸ்/ரிப்போர்ட்/சேல்ஸ் என்ற ஃபோல்டருக்கு நகர்த்தப்பட்டன. எல்லாம் சரியாகத்தான் தெரிந்தது. ஆனால் பிரவுசரில் கிடைத்த விடைகள் இப்படி இருந்தன:

ரிப்போர்ட்/சேல்ஸ்/மன்த்லி: பக்கம் வருகிறது.
ரிப்போர்ட்/சேல்ஸ்/இன்டெக்ஸ்: பக்கம் வருகிறது.
ரிப்போர்ட்/சேல்ஸ்: 404 (பக்கம் கிடைக்கவில்லை).

கடைசிப் பகுதியை விட்டுவிட்டால் இன்டெக்ஸ் ஆக்‌ஷன் தானாக ஓடும் என்பது யீயைத் தொட்ட எல்லோருக்கும் தெரிந்த விதி. அதே கண்ட்ரோலர், அதே ஆக்‌ஷன். முழுதாக எழுதினால் ஓடுகிறது, சுருக்கினால் ஓடவில்லை. லாகைப் பார்த்தாலும் ரிப்போர்ட்/சேல்ஸ் என்ற கோரிக்கையைத் தீர்க்க முடியவில்லை என்ற ஒரு வரிதான். எந்த கண்ட்ரோலரைத் தேடிப்போய்த் தோற்றது என்று அதில் இல்லை.

ரூட் எப்படிப் பிரிக்கப்படுகிறது

விடை யீயின் பேஸ் மாட்யூல் கிளாஸில், கிரியேட்கண்ட்ரோலர் என்ற மெத்தடில் இருக்கிறது. ஒரு பக்கத்தைத் தாண்டாத கோட்தான். யீ 2-ல் வேலை செய்கிற ஒவ்வொருவரும் இதை ஒருமுறையாவது வரி வரியாகப் படித்துவிட வேண்டும். மாட்யூல் (தனக்கென்று கண்ட்ரோலர்கள், வியூக்கள், கான்ஃபிக் உள்ள குட்டிச் செயலி), உள்ஃபோல்டர் பற்றிய சந்தேகங்களில் முக்கால்வாசி அங்கேயே தீர்ந்துவிடும்.

அது செய்வது இதுதான். எந்த கண்ட்ரோலர், எந்த ஆக்‌ஷன் என்று சொல்லும் பாதைதான் ரூட். அதன் முதல் துண்டைத் தனியாக எடுக்கிறது. நம் உதாரணத்தில் அது ரிப்போர்ட். அந்தப் பெயரில், எந்தப் பெயருக்கு எந்த கண்ட்ரோலர் கிளாஸ் என்று சொல்லும் கண்ட்ரோலர்மேப் பட்டியலில் ஏதாவது பதிந்திருக்கிறதா என்று முதலில் பார்க்கிறது. இல்லையென்றால் அந்தப் பெயரில் மாட்யூல் இருக்கிறதா என்று பார்க்கிறது. இருந்தால் மீதி ரூட்டை அந்த மாட்யூலிடம் ஒப்படைத்துவிட்டு ஒதுங்கிவிடும். இரண்டும் இல்லாதபோதுதான் கண்ட்ரோலர் கிளாஸைத் தேடும் வேலை ஆரம்பிக்கிறது.

இந்தத் தேடலில் ஒரு நுணுக்கம் உண்டு. மீதி ரூட்டில் இன்னும் ஒரு சாய்கோடு இருந்தால், கடைசித் துண்டை ஆக்‌ஷனாக ஒதுக்கிவிட்டு, அதற்கு முன்னால் உள்ள அனைத்தையும் கண்ட்ரோலரின் ஐடியாக எடுத்துக்கொள்ளும். அதனால் ரிப்போர்ட்/சேல்ஸ்/மன்த்லி வந்தபோது ஐடி ரிப்போர்ட்/சேல்ஸ், ஆக்‌ஷன் மன்த்லி. உள்ஃபோல்டரில் இருந்த சேல்ஸ்கண்ட்ரோலர் நேராகக் கிடைத்துவிட்டது.

ரிப்போர்ட்/சேல்ஸ் மட்டும் வரும்போது முதல் துண்டை எடுத்த பிறகு மிஞ்சுவது சேல்ஸ் என்ற ஒரே சொல். அதில் சாய்கோடு இல்லை. அதனால் முதலில் ஐடி ரிப்போர்ட், ஆக்‌ஷன் சேல்ஸ் என்று முயற்சிக்கிறது. ரிப்போர்ட்கண்ட்ரோலர் என்று மேல்மட்டத்தில் எதுவும் இல்லாதிருந்தால், இரண்டாம் முயற்சியாக ரிப்போர்ட்/சேல்ஸ் முழுவதையும் ஐடியாக எடுத்து, உள்ஃபோல்டருக்குள் பார்த்து, இன்டெக்ஸை ஓட்டியிருக்கும்.

நம் செயலியில் ரிப்போர்ட்கண்ட்ரோலர் இருந்தது. நாள் முடிவுக் கணக்கும் ஜிஎஸ்டி சுருக்கமும் அதில் ஆரம்ப காலத்திலிருந்தே இருந்தன. உள்ஃபோல்டர் போட்டபோது அதை யாரும் நகர்த்தவில்லை, நகர்த்தக் காரணமும் தோன்றியிருக்காது. யீ அதைக் கண்டுபிடித்ததும் தேடலை நிறுத்திவிட்டது. சேல்ஸ் என்ற ஆக்‌ஷன் அதற்குள் இருக்கிறதா என்ற கேள்வி கண்ட்ரோலர் உருவான பிறகுதான் எழும். அப்போது இல்லை என்று தெரிந்தாலும் திரும்பிப் போய் உள்ஃபோல்டரைப் பார்க்க வழி கிடையாது. அதனால் 404.

யீ 1.1-லிருந்து வந்தவர்களுக்கு இதில் கூடுதல் குழப்பம் இருக்கும். அங்கே கண்ட்ரோலரைத் தேடும் சுற்று இடமிருந்து வலமாக ஒவ்வொரு துண்டாக நகரும். ரிப்போர்ட்கண்ட்ரோலர் ஃபைல் கிடைத்தால் அங்கேயே நின்றுவிடும், இல்லையென்றால் ஃபோல்டருக்குள் இறங்கும். அதனால் அங்கே இதே அமைப்பில் மூன்று யூஆர்எல்லும் சேர்ந்தே உடைந்திருக்கும். யீ 2-ல் இரண்டு ஓடி ஒன்று மட்டும் உடைவதுதான் ஏமாற்றுகிறது. மேல்மட்டத்தில் ஒரு கண்ட்ரோலரும் அதே பெயரில் உள்ஃபோல்டரும் சேர்ந்து இருக்கவே கூடாது என்பதை அணிக்குள் கறாரான விதியாக வைத்துக்கொள்வது நல்லது.

இந்த இடத்தில் நிற்கும்போது எளிய தீர்வு ஒன்று கையில் இருந்தது. ரிப்போர்ட்கண்ட்ரோலரையும் உள்ஃபோல்டருக்குள் தள்ளிவிட்டுப் பெயர் மாற்றினால் 404 போய்விடும். ஆனால் அதைச் செய்வதற்கு முன் வேறொரு கேள்வியைக் கேட்க வேண்டியிருந்தது: இந்த அறிக்கைகளை எதற்காக ஒன்றாகச் சேர்க்கிறோம்? ஃபைல்கள் அழகாக அடுக்கியிருக்க வேண்டும் என்பதற்கா, அல்லது கணக்குப் பிரிவினர் தவிர வேறு யாரும் பார்க்கக் கூடாது என்பதற்கா?

வாசலைக் காவல் காப்பது யார்

நிறுவனத்தில் கேட்டால் பதில் உடனே வந்தது. கவுன்டரில் பில் போடுபவர்களுக்கு லாப விகிதம் தெரியக் கூடாது. குடோன் ஆட்களுக்கு விற்பனை விலை தெரியக் கூடாது. அறிக்கைகளைச் சேர்த்து வைக்கச் சொன்னதன் காரணமே இதுதான்.

உள்ஃபோல்டர் இதற்கு ஒன்றும் செய்யாது. யீயின் பார்வையில் அது கண்ட்ரோலர் ஐடியில் ஒரு முன்னொட்டு, அவ்வளவுதான். அதற்கென்று ஒரு கிளாஸ் கிடையாது, கான்ஃபிக் கிடையாது, ஆக்‌ஷன் ஓடும் முன் அனுமதி பார்க்கும் ஃபில்டர் மாட்ட இடம் கிடையாது. உள்ஃபோல்டரில் இருக்கும் எல்லாவற்றுக்கும் ஒரே அனுமதி விதி வேண்டுமென்றால், பொதுவான ஒரு பேஸ் கண்ட்ரோலர் எழுதி, ஃபில்டர்களைப் பட்டியலிடும் அதன் பிஹேவியர்ஸ் மெத்தடில் ஆக்சஸ்கண்ட்ரோல் ஃபில்டரை வைத்து, மற்றவை அனைத்தையும் அதிலிருந்து எக்ஸ்டென்ட் செய்ய வேண்டும்.

இந்தச் செயலியில் அப்படித்தான் செய்யப்பட்டிருந்தது, அதில் ஓட்டையும் இருந்தது. ஸ்டாக்கண்ட்ரோலர், யீயின் கோட் ஜெனரேட்டரான கீ கொண்டு உருவாக்கப்பட்டது. அது எழுதித் தந்த கண்ட்ரோலரில் டெலிட் ஆக்‌ஷன் போஸ்ட் முறையில் மட்டுமே வர வேண்டும் என்பதற்கான வெர்ப்ஃபில்டர், பிஹேவியர்ஸ் மெத்தடுக்குள் இருந்தது. பேரன்ட்டின் பிஹேவியர்ஸை அது சேர்த்துக்கொள்ளவில்லை. பிள்ளை கிளாஸ் மெத்தடை மேலெழுதிவிட்டதால் பேஸ் கண்ட்ரோலரின் ஆக்சஸ் ஃபில்டர் ஓசையில்லாமல் கழன்றுவிட்டது. எந்த எர்ரரும் வராது. லாகின் செய்தவர், செய்யாதவர் எல்லோருக்கும் பக்கம் திறக்கும். இன்ஹெரிட்டன்ஸை நம்பிக் காவல் போடுவதில் இருக்கும் பெரிய ஆபத்து இது. ஒவ்வொரு புது கண்ட்ரோலரும் சரியாக நடந்துகொண்டால்தான் காவல் நிற்கும்.

மாட்யூலில் கதை வேறு. யீ 2-ல் ஒரு ஆக்‌ஷன் ஓடும் முன், அந்த கண்ட்ரோலர் எந்த மாட்யூலில் இருக்கிறதோ அதன் முன்னோர் வரிசை முழுக்க அழைக்கப்படுகிறது. முதலில் அப்ளிகேஷனின் பிஃபோர்ஆக்‌ஷன், பிறகு வெளி மாட்யூல், பிறகு உள் மாட்யூல், கடைசியாகத்தான் கண்ட்ரோலர். வழியில் யார் மறுத்தாலும் ஆக்‌ஷன் ஓடாது. அதனால் மாட்யூலின் கான்ஃபிக்கில் 'ஆஸ் ஆக்சஸ்' என்று ஒரு பிஹேவியரை மாட்டி, கணக்குப் பிரிவு ரோல் உள்ளவர்களுக்கு மட்டும் அனுமதி என்று எழுதிவிட்டால், உள்ளே நாளைக்கு யார் எந்த கண்ட்ரோலரை எப்படி எழுதினாலும் காவல் நிற்கும். ஸ்டாக்கண்ட்ரோலர் தன் பிஹேவியர்ஸை எப்படி மேலெழுதினாலும் அதைத் தொட முடியாது. லாகின் செய்யாதவர் லாகின் பக்கத்துக்குப் போவார், லாகின் செய்தும் ரோல் இல்லாதவருக்கு 403 (அனுமதி இல்லை) வரும்.

இதில் கவனிக்க வேண்டியவை இரண்டு. லாகின் பக்கம் அந்த மாட்யூலுக்குள்ளேயே இருந்தால் ரீடைரக்ட் சுழன்றுகொண்டே இருக்கும். நம் செயலியில் அது மேல்மட்டத்து சைட்கண்ட்ரோலரில் இருந்ததால் சிக்கல் வரவில்லை. அடுத்து, மாட்யூலில் மாட்டிய ஃபில்டருக்கு விதிவிலக்கு சொல்லும்போது ஆக்‌ஷன் பெயரை மட்டும் எழுதினால் போதாது. மாட்யூலிலிருந்து பார்க்கும் பாதையாக, டீஃபால்ட்/ஹெல்ப் என்ற வடிவில் எழுத வேண்டும்.

இந்த ஒரு காரணத்துக்காகவே ரிப்போர்ட் மாட்யூல் ஆக்கப்பட்டது. எத்தனை ஃபைல் இருக்கிறது, யூஆர்எல் எப்படித் தெரிய வேண்டும் என்பதெல்லாம் பின்னால்தான். ஒரே அனுமதி, ஒரே லேஅவுட் (பக்கங்களின் பொதுச் சட்டகம்), ஒரே செட்டிங் தேவைப்படும் கூட்டம் என்றால் மாட்யூல். தேவை ஃபைல்களை அடுக்குவது மட்டும் என்றால் உள்ஃபோல்டர் தாராளமாகப் போதும்.

மாட்யூலாக மாற்றியபோது

ஆப் ஃபோல்டருக்குக் கீழே மாட்யூல்ஸ்/ரிப்போர்ட். அதற்குள் மாட்யூல் கிளாஸ், கண்ட்ரோலர்ஸ், வியூஸ். கான்ஃபிக்கில் மாட்யூல்ஸ் பட்டியலில் ரிப்போர்ட் என்ற ஐடியோடு பதிவு. இவ்வளவுதான் அடிப்படை அமைப்பு. கான்ஃபிக்கில் பதிந்தாலும் அந்த மாட்யூல் தேவைப்படும் கோரிக்கை வரும்வரை ஆப்ஜெக்ட் உருவாகாது என்பதால் மற்ற பக்கங்களுக்கு இதனால் சுமை இல்லை. செயலி தொடங்கும்போதே ஏற்ற வேண்டியவற்றைச் சொல்லும் பூட்ஸ்ட்ராப் பட்டியலிலும் சேர்த்தால் மட்டும் ஒவ்வொரு கோரிக்கைக்கும் உருவாகும். தேவையில்லாமல் அதில் சேர்க்காமல் இருப்பது நல்லது.

பழைய ரிப்போர்ட்கண்ட்ரோலரை என்ன செய்வது என்பதுதான் அடுத்த கேள்வி. ரிப்போர்ட் என்ற பெயரில் மாட்யூல் வந்தவுடன் மேல்மட்டத்து ரிப்போர்ட்கண்ட்ரோலர் முழுவதுமாக மறைந்துவிடும். மாட்யூலிடம் ரூட்டை ஒப்படைத்த பிறகு, அங்கே கிடைக்கவில்லை என்று திரும்பி வந்து கண்ட்ரோலரைத் தேடும் பழக்கம் யீக்குக் கிடையாது. ஃபைல் அங்கேயே இருக்கும், ஆனால் எந்த யூஆர்எல்லிலும் அதை அடைய முடியாது.

மாட்யூலுக்குள் அதை டீஃபால்ட்கண்ட்ரோலர் என்று மாற்றுவது முதலில் தோன்றும் வழி. மாட்யூலின் டீஃபால்ட் ரூட் டீஃபால்ட் என்பதால் ரிப்போர்ட் என்று மட்டும் அடித்தால் அது திறக்கும். ஆனால் ஊழியர்கள் புக்மார்க் செய்து வைத்திருந்தது ரிப்போர்ட்/டே. அதை மாட்யூல் வாங்கியதும் டே என்ற கண்ட்ரோலரைத்தான் தேடும், டீஃபால்ட்கண்ட்ரோலரின் டே ஆக்‌ஷனை அல்ல. அது ரிப்போர்ட்/டீஃபால்ட்/டே என்ற முகவரிக்குப் போய்விட்டது.

எடுத்த முடிவு: அந்த கண்ட்ரோலரை உடைத்து டேகண்ட்ரோலர், ஜிஎஸ்டிகண்ட்ரோலர் என்று இரண்டாக்கி, ஒவ்வொன்றிலும் இன்டெக்ஸ் ஆக்‌ஷன். இப்போது ரிப்போர்ட்/டே தானாகவே டேகண்ட்ரோலரின் இன்டெக்ஸுக்குப் போகிறது. பழைய முகவரி ஓர் எழுத்துகூட மாறவில்லை. ஒரு கண்ட்ரோலரில் ஒட்டுறவில்லாத இரண்டு வேலைகள் இருந்ததும் இதோடு சரியாயிற்று. ரிப்போர்ட்/சேல்ஸும் 404 இல்லாமல் திறந்தது, ஏனென்றால் மாட்யூலுக்குள் போன பிறகு சேல்ஸ்தான் முதல் துண்டு.

ஃபைல்களை நகர்த்தும்போது நேரம் தின்றவை சில. நேம்ஸ்பேஸ் வரியை மாற்ற மறந்தால், டீபக் மோடில் யீயே இந்த ஃபைலில் அந்த கிளாஸ் இல்லை, நேம்ஸ்பேஸ் விட்டுப்போயிற்றா என்று கேட்கும். புரொடக்‌ஷனில் டீபக் அணைந்திருப்பதால் வெறும் 404 வரும். மாட்யூல் கிளாஸில் இனிட் மெத்தடை எழுதிவிட்டு உள்ளே பேரன்ட்டின் இனிட்டை அழைக்காமல் விட்டால் மாட்யூலில் ஒரு கண்ட்ரோலரும் கிடைக்காது. கண்ட்ரோலர் நேம்ஸ்பேஸ் என்ன என்று மாட்யூல் கிளாஸின் நேம்ஸ்பேஸை வைத்துத் தீர்மானிக்கும் வேலையை அந்த பேரன்ட் இனிட்தான் செய்கிறது. உள்ஃபோல்டர் பெயர்களைச் சின்ன எழுத்தில் வைக்க வேண்டும். விண்டோஸ் மெஷினில் பெரிய எழுத்து ஃபோல்டர் ஓடிவிடும், லினக்ஸ் சர்வரில் ஃபைல் கிடைக்காது.

லிங்க்குகள் உடைந்த விதம்

மறுசீரமைப்பில் அதிக வேலை வாங்கியது இந்தப் பகுதிதான்.

யீயில் ஒரு லிங்க்குக்கு ரூட் எழுதும்போது மூன்று வகை உண்டு. சாய்கோடே இல்லாமல் வியூ என்று எழுதினால் இப்போதைய கண்ட்ரோலரின் முழு ஐடி முன்னால் சேரும். நடுவில் சாய்கோடு வைத்து சேல்ஸ்/வியூ என்று எழுதினால் இப்போதைய மாட்யூலின் ஐடி முன்னால் சேரும். சாய்கோட்டில் தொடங்கினால் எதுவும் சேராது, அது முழுப் பாதை.

முதலில் உள்ஃபோல்டர் போட்டபோது என்ன நடந்தது என்று இதை வைத்துப் புரிந்துகொள்ளலாம். ஸ்டாக் அறிக்கைப் பக்கத்தில் சேல்ஸ்/வியூ என்று ஒரு லிங்க் இருந்தது. இரண்டு கண்ட்ரோலர்களும் சேர்ந்தே ரிப்போர்ட் ஃபோல்டருக்குப் போய்விட்டாலும், உள்ஃபோல்டர் மாட்யூல் ஆகாது. மாட்யூல் இன்னும் அப்ளிகேஷன்தான், அதன் ஐடி வெற்று. எனவே லிங்க் பழையபடி சேல்ஸ்/வியூ என்றே உருவானது, அங்கே யாரும் இல்லை. பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் இரு கண்ட்ரோலர்கள் ஒன்றையொன்று கூப்பிடக்கூட ஃபோல்டர் பெயரைச் சேர்த்து எழுத வேண்டியிருந்தது.

அதே கூட்டத்தை மாட்யூலுக்கு நகர்த்தியதும் அந்த லிங்க் ஒரு மாற்றமும் இல்லாமல் ரிப்போர்ட்/சேல்ஸ்/வியூ என்று சரியாக உருவானது. உறவுள்ள கண்ட்ரோலர்களை மொத்தமாக மாட்யூலுக்குக் கொண்டுபோனால் அவற்றுக்கிடையே உள்ள லிங்க்குகள் தாமாகவே பிழைத்துக்கொள்கின்றன. மறுசீரமைப்பில் மாட்யூல் பக்கம் சாய இதுவும் ஒரு நல்ல காரணம்.

உடைந்தவை வெளியே போகும் லிங்க்குகள். முக்கியமாக மெயின் லேஅவுட்டில் இருந்த மெனு. மெனுவில் கஸ்டமர்/இன்டெக்ஸ் என்று எழுதியிருந்தார்கள். கவுன்டர் பக்கங்களில் அது சரியாக வேலை செய்தது. ரிப்போர்ட் பக்கத்தில் நின்று அதே மெனுவை க்ளிக் செய்தால் ரிப்போர்ட்/கஸ்டமர்/இன்டெக்ஸ் என்று போய் 404. ஏனென்றால் லேஅவுட் பொதுவானது என்றாலும் அது ரெண்டர் ஆகும்போது இப்போதைய மாட்யூல் ரிப்போர்ட். மாட்யூல் இல்லாத செயலியில் எழுதிய மெனு வருடக்கணக்கில் சரியாக ஓடியிருக்கும், முதல் மாட்யூல் வந்த அன்றுதான் தெரியும். லேஅவுட்டிலும் எல்லா இடத்திலும் பயன்படும் விட்ஜெட்டிலும் ரூட்டை எப்போதும் சாய்கோட்டில் தொடங்க வேண்டும். ஒரு மாட்யூல்கூட இல்லாத செயலியிலும் முதல் நாளிலிருந்தே இப்படி எழுதுவது நல்ல பழக்கம்.

ரிப்போர்ட்டுக்குத் தனி லேஅவுட்டும் தேவைப்பட்டது, அச்சடிக்க வசதியாக அகலமான பக்கம். மாட்யூலின் லேஅவுட் பண்பில் பெயரை எழுதி, மாட்யூலின் வியூஸ்/லேஅவுட்ஸ் ஃபோல்டரில் ஃபைலை வைத்தால் முடிந்தது. பிரின்ட் லேஅவுட்டைப் பற்றி எந்த கண்ட்ரோலரும் இனி நினைக்க வேண்டியதில்லை.

கண்ட்ரோலர்மேப் என்ற குறுக்குவழி

உள்ஃபோல்டருக்கும் முந்தைய காலத்தில் சேல்ஸ்ரிப்போர்ட்/மன்த்லி என்ற முகவரியும் புழக்கத்தில் இருந்தது. வெளியே இருக்கும் ஆடிட்டருக்கு அனுப்பிய மெயில்களில் அந்த லிங்க் இருந்தது. அதை உயிரோடு வைத்திருக்க அப்ளிகேஷனின் கண்ட்ரோலர்மேப்பில் சேல்ஸ்ரிப்போர்ட் என்ற ஐடிக்கு, ரிப்போர்ட் மாட்யூலில் உள்ள சேல்ஸ்கண்ட்ரோலர் கிளாஸைக் கொடுத்துவிடலாம் என்ற யோசனை வந்தது. ஒரே வரி வேலை.

அதை ஏற்கவில்லை. காரணத்தைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். கண்ட்ரோலர்மேப்பில் பதிந்தால் அந்த கண்ட்ரோலரை உருவாக்குவது அப்ளிகேஷன். எனவே அந்த ஆப்ஜெக்ட்டின் மாட்யூல் அப்ளிகேஷன்தான். கிளாஸ் ஃபைல் ரிப்போர்ட் மாட்யூல் ஃபோல்டருக்குள் இருந்தாலும், முன்னோர் வரிசையில் ரிப்போர்ட் மாட்யூல் வராது. அதில் மாட்டிய ஆக்சஸ் ஃபில்டர் ஓடவே ஓடாது.

இன்னொன்று, வியூ பாதையும் அப்ளிகேஷனின் வியூஸ் ஃபோல்டருக்கு மாறிவிடும். அதனால் பக்கம் காட்டும் ஆக்‌ஷன்கள் வியூ கிடைக்கவில்லை என்று எர்ரரில் நிற்கும். பார்ப்பவர் இந்த வழி வேலை செய்யவில்லை, ஆபத்தில்லை என்று நினைத்துவிடுவார். ஆனால் டெலிட் போன்ற ஆக்‌ஷனுக்கு வியூ தேவையில்லை. வேலையை முடித்துவிட்டு ரீடைரக்ட் செய்துவிடும். அதாவது பார்க்கும் பக்கங்கள் உடைந்து, அழிக்கும் பக்கம் மட்டும் காவலில்லாமல் திறந்திருக்கும்.

சரியான வழி யூஆர்எல் விதியில் இருக்கிறது. சேல்ஸ்ரிப்போர்ட்/மன்த்லி என்ற பழைய முகவரியை ரிப்போர்ட்/சேல்ஸ்/மன்த்லி என்ற ரூட்டுக்கு மாற்றும் ஒரு விதி, அதன் மோடு பார்சிங்ஒன்லி. வரும் கோரிக்கைகளை மட்டும் அந்த விதி புரிந்துகொள்ளும், புதிதாக லிங்க் உருவாக்கும்போது பழைய முகவரி வெளியே வராது. விதி வழியாக வந்தாலும் ரூட் மாட்யூல் வழியாகத்தான் தீர்க்கப்படும் என்பதால் காவலும் நிற்கும்.

எங்கே வெட்டுவது, எத்தனை அடுக்கு

ரிப்போர்ட் சரியாக அமைந்ததும் மற்றவற்றையும் மாட்யூல் ஆக்கும் ஆர்வம் பிறந்தது. பில்லிங் ஒரு மாட்யூல், கஸ்டமர் ஒரு மாட்யூல், பொருள் ஒரு மாட்யூல் என்று டேபிளுக்கு ஒன்றாகப் பட்டியல் நீண்டது. அதைத் தடுத்தது ஒரு எளிய சோதனை: ஒரு பில் போட என்னென்ன தேவை என்று எழுதிப் பார்த்தது. கஸ்டமர் வேண்டும், பொருள் வேண்டும், இருப்பு வேண்டும், விலை வேண்டும். நான்கு மாட்யூல்களும் ஒன்றின் உள்ளே ஒன்று கை நுழைக்காமல் ஒரு பில்கூடப் போட முடியாது. அப்படிப்பட்ட எல்லைக்கோடு ஃபோல்டரில் மட்டும்தான் இருக்கும்.

எனவே ஆட்களை வைத்து வெட்டப்பட்டது. கவுன்டர் வேலை அப்ளிகேஷனின் மேல்மட்டத்திலேயே இருந்துவிட்டது. அதுதான் செயலியின் அன்றாட முகம், அதற்கு மாட்யூல் தேவையில்லை. குடோன் ஒரு மாட்யூல், ரிப்போர்ட் ஒன்று, அட்மின் ஒன்று. பொருள், கஸ்டமர், பில் ஆகிய மாடல்கள் எல்லோருக்கும் பொது என்பதால் ஆப்பின் மாடல்ஸ் ஃபோல்டரில் தங்கின. அந்தந்த மாட்யூலின் தேடல் மாடல்களும் ஃபார்ம் மாடல்களும் மட்டும் மாட்யூலுக்குள் போயின. ஒரு மாட்யூல் இன்னொரு மாட்யூலின் கிளாஸை நேரடியாகத் தொடக் கூடாது, பொது மாடல் வழியாகவோ லிங்க் வழியாகவோ மட்டும் போகலாம் என்று வைத்துக்கொண்டோம்.

குடோன் மாட்யூலுக்குள் உள்ஃபோல்டர்கள் உண்டு. சரக்கு வரவு தொடர்பானவை இன்வேர்ட் ஃபோல்டரில், அனுப்புவது தொடர்பானவை அவுட்வேர்ட் ஃபோல்டரில். இரண்டையும் பார்ப்பது அதே ஆட்கள், அதே அனுமதி, அதே லேஅவுட். உள்ஃபோல்டர் தன் சரியான இடத்தில் இருப்பது இங்கேதான்.

மாட்யூலுக்குள் மாட்யூல் வைக்க யீ எந்த வரம்பும் போடுவதில்லை. நிர்வாகத் தரப்பில் ரிப்போர்ட்டை அட்மினுக்குள் வைக்கும்படி கேட்டார்கள். அட்மின் மெனுவின் கீழே வருவதால் முகவரியும் அட்மின்/ரிப்போர்ட் என்று இருந்தால் நன்றாக இருக்கும் என்றார்கள். இங்கேதான் வெளியிலிருந்து உள்ளே போகும் வரிசை முக்கியமாகிறது. ரிப்போர்ட் அட்மினுக்குள் போனால், கணக்கர் முதலில் அட்மினின் ஃபில்டரைத் தாண்ட வேண்டும். அவருக்கு அட்மின் ரோல் இல்லை, ரிப்போர்ட்டின் ஃபில்டர் அவரை அனுமதிக்கத் தயாராக இருந்தாலும் அங்கே போய்ச் சேரவே மாட்டார். அட்மினின் ஃபில்டரில் ரிப்போர்ட்டுக்கு விதிவிலக்கு எழுத ஆரம்பித்தால், எல்லாவற்றையும் ஒரே இடத்தில் காக்கலாம் என்று மாட்யூலைத் தேர்ந்தெடுத்ததற்கே அர்த்தம் போய்விடும்.

உள் மாட்யூலைப் பார்க்கும் ஒவ்வொருவரும் வெளி மாட்யூலையும் பார்க்கலாம் என்றால் மட்டுமே மாட்யூலுக்குள் மாட்யூல் வைக்க வேண்டும். அட்மினுக்குள் யூசர் நிர்வாகம் அப்படி இருந்தது. யூசர்களைச் சேர்ப்பவர்கள் அட்மின்களில் ஒரு சிலர். அதனால் அது அட்மினுக்குள் உள் மாட்யூலாக, கூடுதல் ஃபில்டரோடு வைக்கப்பட்டது. ரிப்போர்ட் தனியாகவே நின்றது.

முகவரி ஆசையை குரூப்யூஆர்எல்ரூல் தீர்த்துவிட்டது. அதில் முகவரியின் முன்னொட்டை அட்மின்/ரிப்போர்ட் என்றும், ரூட்டின் முன்னொட்டை ரிப்போர்ட் என்றும் தனித்தனியாகச் சொல்லலாம். பிரவுசரில் அட்மின்/ரிப்போர்ட்/சேல்ஸ் என்று தெரியும், உள்ளே ஓடுவது ரிப்போர்ட் மாட்யூல். யூஆர்எல் எப்படித் தெரிய வேண்டும் என்பதற்காக கோட் அமைப்பை வளைக்க வேண்டிய அவசியம் யீ 2-ல் இல்லை.

மற்ற ஃப்ரேம்வொர்க்குகளில் பழகியவர்களுக்கு ஒரு வார்த்தை. கோட்இக்னைட்டர் 3-ல் கண்ட்ரோலர் ஃபோல்டர்கள் பல அடுக்காகப் போகலாம், ஆனால் அவை ஃபோல்டர்களே. லாரவெலில் இந்தக் காவல் வேலையை ரூட் குரூப்பும் மிடில்வேரும் செய்கின்றன, கண்ட்ரோலர் எந்த ஃபோல்டரில் இருக்கிறது என்பது முக்கியமில்லை. சிம்ஃபோனி 4 வந்த 2017-லிருந்து செயலியின் சொந்த கோடை பண்டில்களாக (மாட்யூல் போன்ற தொகுப்புகளாக) பிரிக்க வேண்டாம் என்பதே அவர்கள் பரிந்துரை. ஃபோல்டர் அமைப்பைக் காவலோடு குழப்பிக்கொள்ளாமல் இருப்பது எந்த ஃப்ரேம்வொர்க்கிலும் பொருந்தும்.

சரிபார்த்த விதமும் மீதி வேலையும்

மாட்யூல்களின் கண்ட்ரோலர் ஃபோல்டர்களை உள்ஃபோல்டர் உட்படப் படித்து, ஒவ்வொரு கிளாஸிலும் ஆக்‌ஷன் என்று தொடங்கும் மெத்தட்களை எடுத்து, முழு ரூட் பட்டியலைத் தயாரிக்கும் சின்ன டெஸ்ட் ஒன்று எழுதப்பட்டது. அந்தப் பட்டியலில் உள்ள ஒவ்வொரு ரூட்டுக்கும் லாகின் இல்லாத ஒரு கோரிக்கை, கவுன்டர் ரோலோடு ஒரு கோரிக்கை. முதலாவதற்கு லாகின் பக்கத்துக்கு ரீடைரக்ட், இரண்டாவதற்கு 403. வேறு எது வந்தாலும் டெஸ்ட் தோற்கும். 200 வந்தால் காவலில் ஓட்டை, 404 வந்தால் பெயர் மோதல். ஸ்டாக்கண்ட்ரோலரின் ஓட்டையைப் போன்றவை இனி கண்ணுக்குத் தப்பாது, புது கண்ட்ரோலர் சேர்ப்பவர் டெஸ்ட்டில் எதையும் மாற்ற வேண்டியதும் இல்லை.

டேட்டாபேஸ் டேபிள் மாற்றங்களை எழுதிவைக்கும் மைக்ரேஷன்களை மாட்யூல்வாரியாகப் பிரிக்கவில்லை. டேபிள்கள் பொதுவாக இருக்கும்வரை ஒரே ஃபோல்டரில் கால வரிசையில் இருப்பதே நல்லது. குடோன் மாட்யூலை மட்டும் நிறுவனத்தின் இன்னொரு செயலிக்கும் எடுத்துச்செல்லும் பேச்சு இருக்கிறது. அப்படி நடந்தால் குடோனுக்கே உரிய டேபிள்களின் மைக்ரேஷன்களுக்குத் தனி நேம்ஸ்பேஸ் கொடுத்து, யீ 2.0.10-லிருந்து இருக்கும் மைக்ரேஷன்நேம்ஸ்பேசஸ் பட்டியலில் சேர்த்துக்கொள்ளலாம். அதற்கு முன் குடோன் மாட்யூல் எந்தெந்தப் பொது மாடல்களைத் தொடுகிறது என்ற பட்டியலைத் தயாரிக்க வேண்டும். அந்த வேலை இன்னும் தொடங்கவில்லை.